சாட்சி சொன்னவளின் குளிசை

இலங்கைத்துறைக்கும் அப்பால், மலைக்குப் பின்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் குடியிருப்புக்கு ட்ரக்டர் பெட்டியில்தான் போக வேண்டும். திருகோணமலை நகரத்திலிருந்து வருடம் ஒருமுறை அங்கே மருத்துவ முகாம் நடத்தப் போகும் சபையார், வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போகத்தான் ஆசைப்படுவார்கள். ட்ரக்டர் போடும் குலுக்கலில் நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவர்களில் ஒருத்தியான மெலனிக்கு அதில் மனவருத்தம் ஏதுமில்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் தாதியாக நின்றுவிட்டு, லீவு நாளிலும் மருந்துப் பெட்டியோடு புறப்படுகிறவளுக்கு, யாரும் கதைக்காமல் இருப்பதே பெரிய ஓய்வு.

முகாமுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் மருந்து, மத்தியானம் சாப்பாடு, பிறகு சாட்சிக் கூட்டம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்வதுதான் சாட்சி. இந்த வருடம் சாட்சி சொல்ல இருந்தவள் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இன்பமலர். சின்ன வயதிலிருந்தே வலிப்பு வருத்தக்காரி. போன வருட முகாமில் டொக்டர் கொடுத்த குளிசையை நாள்தவறாமல் விழுங்கியதில் வலிப்பு நின்றுபோனது. அடுத்து வந்த ஆராதனையிலேயே, கர்த்தர் தன்னைச் சுகமாக்கிவிட்டார் என்று அவள் சாட்சி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இன்னும் நாலு குடும்பங்கள் குடியிருப்பில் இருந்த ஓலைக் கொட்டில் ஜெபவீட்டுக்கு வரத் தொடங்கின. சபையின் பாஸ்டர் அஞ்சலோவுக்கு அவள் பெயரைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

பிரஷர் பார்க்க இன்பமலர் கையை நீட்டியபோதுதான் மெலனி அந்தத் தீக்காயத்தைக் கண்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், தோல் இன்னும் சரியாக மூடியிருக்கவில்லை.

"இது என்ன, இன்பமலர்?"

"அடுப்படியில பட்டது, மிஸி." இடுப்பில் இருந்த மகளை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள். நடக்கப் பழகும் வயது, ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை.

"விழுந்தனீங்களோ?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துக் காயத்தை மூடிக்கொண்டாள்.

"குளிசை போடுறீங்கள்தானே?"

இன்பமலர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சாட்சி சொன்னதுக்குப் பிறகு எப்பிடி மிஸி போடுறது? கர்த்தர் சுகமாக்கிப்போட்டார் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். பிறகும் குளிசை போட்டா அவரைப் பொய்யாக்கின மாதிரியெல்லே. பக்கத்து வளவு இரத்தினசிங்கம் அண்ணன் எனக்கு எப்ப காய்ச்சல் எண்டாலும், உன்ர ஆண்டவர் எங்க போனவர் எண்டு பகிடி பண்ணுறவர். நான் குளிசை போடுறதை அந்தாள் கண்டா, கதை ஊர் முழுக்கப் போயிடும்."

மெலனி பிரஷர் பட்டியைச் சுருட்டி வைத்தாள். கொடுத்த குளிசைதான் வேலை செய்தது, அது வேலை செய்ததாலேயே அவள் அதை நிறுத்திவிட்டாள். புருசன் கடலுக்குப் போனால் வீட்டில் இவளும் பிள்ளையும்தான். அடுப்பும் இருக்கிறது, சுற்றுக்கட்டு இல்லாத கிணறும் இருக்கிறது. அடுத்த முறை விழும்போது பிள்ளை இடுப்பில் இருந்தால்?

டொக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் மறுபடியும் குளிசை கொடுத்தார். இன்பமலர் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் அதைப் போடப்போவதில்லை என்பது அந்த மரியாதையிலேயே தெரிந்தது. அதனால் மெலனி அந்தப் பொட்டலத்தைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு நேரே பாஸ்டரிடம் போனாள்.

"அவவை இண்டைக்குச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ, பாஸ்டர்."

விஷயத்தைக் கேட்டு அவர் உண்மையாகவே துடித்துப்போனார். கல்நெஞ்சுக்காரர் அல்ல. ஆனாலும் தயங்கினார்.

"நாலு குடும்பம் அவவின்ர சொல்லை நம்பி வருது, மெலனி. இப்ப நிப்பாட்டினா எல்லாம் பொய்யோ எண்டு கேப்பினம். கூட்டம் முடியட்டும், தனியக் கூப்பிட்டுக் கதைப்பம்."

"இன்னொருக்காச் சாட்சி சொன்னா பிறகு அவ குளிசையைத் தொடவே மாட்டா. அவவும் பிள்ளையும் செத்தா ஆர் சாட்சி சொல்லுறது?"

இப்படி முகத்துக்கு நேரே மெலனி யாரிடமும் கதைத்தது கிடையாது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் கூட்டம் தொடங்கியதும் பழக்கதோஷமோ என்னவோ, இன்பமலரின் பெயரைத்தான் கூப்பிட்டார். மெலனிக்கு அந்த இடத்தை விட்டே போய்விடலாம் போல ஆத்திரம் வந்தது.

"பிள்ளையோடயே வாங்கோ," என்றார் பாஸ்டர்.

இன்பமலர் இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, பிள்ளையை மெலனியின் மடியில் இருத்தினாள். "பிடிச்சுக்கொள்ளுங்கோ, மிஸி." வலிப்பு வந்துவிடுமோ என்று அவளுக்கே பயம் என்பது மெலனிக்கு விளங்கியது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் என்னைச் சுகமாக்கினவர்," என்று தொடங்கினாள் இன்பமலர். கொட்டில் முழுவதும் ஆமென் என்றது.

அவள் கண் மெலனியின் மடிக்குப் போனது. பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"குளிசை போட்டமட்டும் சுகமா இருந்தனான். பிறகு நான்தான் விட்டிட்டன். இப்ப திரும்ப வருது. அடுப்புக்குள்ளயும் விழுந்திட்டன். பிள்ளையைக் கிணத்தடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டப் பயமா இருக்கு. ஒருத்தரும் கண்டிடக் கூடாது எண்டு தனியத்தான் போறனான்."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. மெலனி பிள்ளையோடு எழுந்து போய்க் குளிசையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். பாஸ்டர் அஞ்சலோ தாமே போத்தலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். அத்தனை பேருக்கும் முன்னால் அவள் அதை விழுங்கினாள்.

முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்க வந்து, கூட்டத்துக்குள் வராமல் வாசலில் குந்தியிருந்த இரத்தினசிங்கம் எழும்பினார். இன்பமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன பிள்ளை நீ," என்றார் அவர். "பகிடிக்குக் கதைக்கிறதையெல்லாம் மனசில வைச்சுக்கொண்டோ இவ்வளவு நாளும் தனியத் தண்ணி அள்ளினனீ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எங்கட வீட்டில ஆரும் வந்து அள்ளித் தந்திருக்க மாட்டினமோ?"

கை வெந்தபோதும் அழாத இன்பமலர் அப்போதுதான் அழுதாள்.