டயருக்கு அடியில்

மூன்றாவது நாளும் படகுக்குள் தண்ணீர் நின்றது. வைத்தியர் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பாதியாக அறுத்த எண்ணெய் கேனால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். முப்பது கேன் இறைத்தால் அடித்தட்டு தெரியும். இடுப்பை நிமிர்த்தி ஒரு மூச்சு விடுவதற்குள் அது மறுபடியும் மறைந்துவிடும். வலை மடித்த மடிப்பு கலையாமல் ஒரு மூலையில் கிடந்தது.

"நாம மீன் பிடிக்க வந்தோமா, இல்ல கடலை அள்ளிக் கடல்லயே ஊத்த வந்தோமா?" என்றாள்.

"அலை தெறிக்குது. அவ்வளவுதான்."

"எங்க அலை? துடைச்சு விட்ட மாதிரி கிடக்கு."

கடல் உண்மையிலேயே அப்படித்தான் கிடந்தது.

அவர் வைத்தியம் படித்தவர் அல்ல. தலைவலிக்குக்கூட மனைவியிடம்தான் மாத்திரை கேட்பார். படகின் உடம்பில் நடுவிரல் முட்டியால் தட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எங்கே விரிசல், எங்கே ஃபைபர் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் துறைமுகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போவார்கள். காசு வாங்க மாட்டார், ஒரு டீ போதும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் காது பிசகியதில்லை. இது ஊருக்குத் தெரியும். அவருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அப்படிப்பட்டவர் தனக்கென்று வாங்கிய முதல் படகு இது. பணம் மனைவியுடையது. பதினேழு வருஷம் ஐஸ் மேஜை முன்னால் நின்று இறால் உரித்தவள். விரல் நுனிகள் மரத்துப்போய், உரித்த இறால் எது உரிக்காதது எது என்று தொட்டுத் தெரியாமல் போனபோது, கம்பெனி அவள் கணக்கை முடித்து மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பியது. அவர் பன்னிரண்டு வருஷம் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சை ஓட்டியவர். சொந்தப் படகு வந்தாச்சு என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். மறுநாள் காலையே அந்த வின்ச்சுக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

கரைக்கு வந்ததும் நாலு பேரைக் கூப்பிட்டுப் படகை மணலில் கவிழ்த்தார்கள். அவர் முன்மூக்கிலிருந்து தட்டத் தொடங்கினார். டொக், டொக் என்று கெட்டியான சத்தம் வந்தது. நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் பொத், பொத் என்றது. அவர் மறுபடி தட்டினார். உதவிக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம் புரிவதற்கு வைத்தியராக இருக்க வேண்டியதில்லை.

கத்தி நுனியால் சுரண்டினார். நீலப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதற்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பட்டிப் பூச்சு. பட்டிக்கு அடியில் முழ நீளத்துக்கு விரிசல், அதற்குள் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். விரிசலின் இரண்டு பக்கமும் புதுப் பெயின்ட்டின் மேல் கறுப்பாக ரப்பர் தடம். டயரின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன.

மனைவி அந்தத் தடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

அவள் எதைச் சொல்லாமல் போனாள் என்பது அவருக்குத் தெரியும். வாங்கப் போன அன்று, பழைய படகு விற்கும் யார்டில் படகு பழைய லாரி டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். ஒரு திணறல் இல்லாமல் ஓடியது. அவர் படகைச் சுற்றி முழுக்கத் தட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள்தான் கேட்டாள்.

"அந்த டயருக்கு அடியில?"

"தூக்கிக் காட்டலாம் தங்கச்சி. கிரேன் டிரைவர் இன்னிக்கு லீவு," என்றார் யார்டு முதலாளி. "நாளைக்கு வாங்களேன். ஆனா சாயங்காலம் ஒரு பார்ட்டி வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்ற நரைத்த ஆள் ஒருவர் குனிந்து பெயின்ட் டப்பாவைக் கலக்க ஆரம்பித்தார். நாலு பேர் முன்னால் தன் காதைத் தன் மனைவியே சந்தேகப்படுகிறாள் என்று வைத்தியருக்குப் பட்டது. அவர் சிரித்தார்.

"மத்த இடமெல்லாம் கணீர்னு இருக்கு. அங்க மட்டும் என்ன பேயா உக்காந்திருக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இருவரும் யார்டுக்குப் போனார்கள். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. சண்டைக்கென்று வீட்டிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று வைத்தியருக்குத் தெரியவில்லை.

"விரிசலை மறைச்சு வித்திருக்கீங்க."

"எங்கிட்ட எப்படி வந்துச்சோ அப்படியே குடுத்தேன் வைத்தியரே. தட்டிப் பாருங்கன்னு நானே சொன்னேனா இல்லையா?"

"டயரை சரியா அங்கதான வெச்சிருந்தீங்க?"

"படகை ஆகாசத்துலயா நிறுத்த முடியும்? எங்கயாவது டயர் இருக்கத்தான் செய்யும்."

டிராயரிலிருந்து காகிதத்தை எடுத்து, படிக்க வசதியாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். இருக்கிற நிலையில், வாங்குபவர் தாமே தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டது என்று இருந்தது. அச்சடித்த வரிக்கு மேலே, 'தட்டிப் பார்த்து' என்பது மட்டும் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது.

"வேற யாராவதுன்னா பரவாயில்ல. ஊருக்கே தட்டிச் சொல்ற ஆள் நீங்க. நீங்களே ஏமாந்துட்டேன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

மனைவி அதுவரை டீயைத் தொடவில்லை. "நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்களே. மறுநாள் வந்திருந்தா டிரைவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டாள்.

முதலாளி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "டீ ஆறுது தங்கச்சி," என்றார்.

துறைமுக அலுவலகத்தில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. முதல் ஜன்னல் இரண்டாவதுக்குப் போகச் சொன்னது, இரண்டாவது மூன்றாவதுக்கு. மூன்றாவதில் இருந்தவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க."

"பின்ன என்ன?" என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வைத்தியர் ஒரு வாரம் ஒட்டிப் பார்த்தார். ஃபைபர் துணி வைத்து, பிசின் ஊற்றி, வெயிலில் காய வைத்துத் தண்ணீரில் இறக்கினால் அரை மணி நேரம் தாங்கியது. விரிசல் அடிப்பாகம் முழுக்க உள்ளுக்குள்ளேயே ஓடியிருந்தது. பாதிப் படகைப் புதிதாக வார்த்தால்தான் உண்டு, அதற்கு இன்னொரு படகு வாங்கிவிடலாம்.

"பட்டி பார்த்து வித்துடுங்க," என்றான் படகைக் கவிழ்க்க வந்தவர்களில் ஒருவன். "வைத்தியரோட படகுன்னு சொன்னாலே கண்ணை மூடிட்டு வாங்குவாங்க."

வைத்தியர் பார்த்த பார்வையில் அவன் பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விசைப்படகு ஓனர் பழைய பழக்கத்துக்கு நின்று பேசினார், இடம் இல்லை என்றார். மற்றப் படகுகளிலும் அதே பதில். அந்த மாசக் கடைசியில் மனைவி இறால் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். இந்தத் தடவை கான்ட்ராக்டர் மூலமாக, தினக்கூலிக்கு. புது ஆட்களை நிறுத்தும் மேஜையின் கடைசி இடத்தில் அவளையும் நிறுத்தினார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் நின்ற அதே இடம். கையுறைக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

யார்டிலிருந்து ஆள் வந்தது அதற்குப் பிறகுதான். வாங்கின விலையில் கால்வாசிக்குப் படகைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும், வேலை இருப்பதாகவும் முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். வின்ச் ஓட்டின கைக்கு யார்டு கிரேன் ஒரு பெரிய விஷயமில்லை, பழைய ஆளுக்குக் கண் மங்கிவிட்டது.

மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கையையும் முக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். சூடு தாங்குமா என்று விரலுக்குத் தெரியாததால் முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் முக்குவாள்.

"போகவா?" என்று கேட்டார்.

"வேற எங்க போவீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்தது அந்த நரைத்த ஆள்தான். அன்று பெயின்ட் டப்பாவைக் கலக்கியவர். நைலான் கயிற்றில் கோத்த கனமான சாவி. எந்த நெம்புகோல் தூக்கும், எது இறக்கும், எதை ஆட்டினால் சங்கிலி நழுவும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"அன்னிக்கு டிரைவர் லீவுன்னு சொன்னாரே முதலாளி," என்றார் வைத்தியர்.

"எனக்கு இந்தப் பதினோரு வருஷத்துல லீவே கிடையாதுங்க." அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கண் அவருக்கு எப்போதுமே கசிந்துகொண்டிருந்தது. "உங்க சம்சாரம் கேட்டுச்சு. ரொம்ப சரியா கேட்டுச்சு. அதை வீட்டுல போய் என் சம்சாரத்துகிட்ட சொன்னேன்."

வைத்தியர் சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பினார்.

இரண்டாவது மாசம் அவருடைய பழைய படகுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பட்டியை வேறு ஆள் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். காய்ந்ததும் வைத்தியர் அதைக் கிரேனில் தூக்கினார். ஆபீஸ் வாசலிலிருந்து முதலாளி கையைக் காட்டினார்.

"பழைய இடத்துலயே இறக்குங்க வைத்தியரே."

டயர் எங்கே வர வேண்டும் என்று அளந்து பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. கிரேனை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விளிம்பில் விட்டுப்போன இடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவள் ஒரு ரெக்சின் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். எஞ்சினை டிரம்மில் ஓட்டிக் காட்டினார்கள். புருஷன் படகைத் தட்டினான். முட்டியால் தட்டாமல் உள்ளங்கையால் தட்டினான், சத்தமே எழவில்லை. பாதிச் சுற்றில் அவன் கண் வைத்தியர் மேல் விழுந்தது.

"அண்ணே, நீங்க வைத்தியர்தானே? எங்க சித்தப்பாவுக்கு நீங்கதான் படகு பார்த்துக் குடுத்தீங்க. பத்து வருஷமா ஓடுது." அவன் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க இங்கயா இருக்கீங்க? இதை நீங்க தட்டிப் பார்த்தீங்களா?"

முதலாளி வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போனவர்போல் இரண்டடி தள்ளி நின்றார்.

"பார்த்தேன்," என்றார் வைத்தியர்.

"அப்புறம் என்ன," என்று அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

அவள் பையை விடாமல் குந்தி உட்கார்ந்து படகின் அடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த டயர் இருக்கிற இடத்துல யாரும் தட்டலையே," என்றாள்.

"தூக்கிக் காட்டலாம் தங்கச்சி. கிரேன் டிரைவர் இன்னிக்கு லீவு," என்றார் முதலாளி.

அவள் தலையைத் தூக்கி வைத்தியரைப் பார்த்தாள். வைத்தியர் குனிந்து பெயின்ட் டப்பாவைக் கலக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டைப் பைக்குள் இருந்த சாவி அவர் நெஞ்சில் வந்து இடித்தது.