மூன்றாம் அத்தியாயத்துக்கு ஒரு தோல்வி

முதலாளிகள் எழுதும் புத்தகங்களில் மூன்றாம் அத்தியாயம் தோல்விக்கு. விழாத ஆள் எழுந்து நின்றால் யார் கைதட்டுவார்கள்? ஆனால் ஒரு முதலாளியிடமிருந்து தோல்வியைக் கறப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. "தோல்வியா? அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்பார்கள். மாமனார் கொடுத்த தொழிற்சாலையில் மாமனார் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஞாபகம் எங்கிருந்து வரும்?

அதனால் புத்தகத்தை உண்மையில் எழுதுகிற ஆள், தன் தோல்விகளையே எடுத்துக் கொடுத்துவிடுவான். இதுவரை பதினோரு முதலாளிகளுக்குப் பதினோரு புத்தகம். அட்டையில் அவர்கள் முகமும் பெயரும். இவன் பெயர் உள்ளே, எறும்பு அளவில், 'எழுத்துத் துணை' என்று. மூன்று முறை பரீட்சையில் தவறியதை சிமெண்ட் வியாபாரிக்குக் கொடுத்தான். மேடையில் பேச்சு மறந்து திருதிருவென்று விழித்ததை மருந்துக் கம்பெனி அம்மாளுக்கு.

"உங்க வாழ்க்கையில மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான்," என்றாள் மனைவி. "பன்னிரண்டாவது ஆளுக்கு என்னையும் தூக்கிக் குடுத்துடாதீங்க."

மெத்தைக் கம்பெனி முதலாளிக்குப் போனவர் அப்பா. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அப்பா குடைக்கடை வைத்தார். வைத்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. தினமும் காலையில் ஒரு குடையை விரித்து வானத்துக்குக் காட்டிவிட்டுத்தான் கடையில் உட்காருவார். கடைசியில் இருந்த குடைகளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். இறங்கியதும் கொட்டியது மழை. தனக்கென்று ஒரு குடைகூட வைத்துக்கொள்ளாத மனிதர் தெப்பமாக நனைந்து வீட்டு வாசலில் வந்து நின்று, சிரி சிரியென்று சிரித்தார்.

ஐம்பது வயதில் அவன் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு புத்தகம் எழுதினான், அந்த அப்பாவைப் பற்றி. பதிப்பகத்து அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லா இருக்கு. ஆனா இது மெத்தைக்காரர் கதையாச்சே? ஊருக்கே தெரியும். அவர்கிட்ட ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா நாங்க போட முடியாது."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரைப் போய் நோவது? பெற்ற அப்பாவைத் திருப்பிக் கேட்க மெத்தைக் கம்பெனிக்குப் போனான்.

வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் ஒரு கறுப்புக் குடை. கீழே பித்தளைத் தகடு: 'கடையை மூடிய நாளில் முதலாளியின் தந்தை பிடித்து வந்த குடை.' மனிதர் தன் புத்தகத்தைத் தானே படித்ததில்லை.

"சார், அவர் எங்க அப்பா," என்றான் முதலாளியின் அறையில்.

முதலாளி அன்பாகப் பார்த்தார். "எழுதறவங்களுக்கு அப்படித்தான் தோணும். ரொம்ப ஒன்றிப் போயிடறீங்க. நான்கூட மேடையில சொல்றப்போ அழுதுடறேன்." பிறகு கையை விரித்தார். "கடிதம்தானே, தாராளமா தரேன். நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்."

குடைக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். 'என் தந்தையின் கதையை' என்று கை பழக்கதோஷத்தில் ஓடியது. அதை அடித்தான். கண்ணாடிப் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு தாளில் எழுதினான்.

'குடைக்கடை வைத்தவர் என் தந்தை அல்லர். இதைக் கொண்டுவரும் எழுத்தாளரின் தந்தை. அன்று அவரிடம் குடை இல்லை. எனக்கு இதுவரை தோல்வி எதுவும் வாய்க்கவில்லை. இவரிடம் இரவல் வாங்கினேன். இப்போது திருப்பித் தருகிறேன்.'

முதலாளி பேனாவைத் திறந்தார். எப்போதும் போல, கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"உருக்கமா வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்," என்றான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.