அப்படி யாரும் இங்கன இல்ல

நாங்கள் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கம்மாள் அத்தை பால் சொசைட்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குச்சட்டி இருந்தது. பால் ஊற்றி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், சட்டிக்குள் ஈ உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி எங்களுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. தெருமுனையில் பேசினால் கடைசி வீட்டுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அன்றைக்கு அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மதினியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஆத்தா, நீ ஒண்ணுக்கும் பயப்படாத. ஒருத்தன் வந்தான். அனுப்பிச்சுட்டோம்."

"யாரு அத்தை?" என்றாள் மதினி.

"எவனோ. பைக்குல வந்தான். சட்டைய உள்ள விட்டுக்கிட்டு, கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு. மலேசியா பாஸ்போர்ட்டு வச்சிருக்க பொண்ணு இந்தத் தெருவுல குடியிருக்கான்னு கேட்டான். அப்படி யாரும் இங்கன இல்லன்னுட்டேன். எங்க ஆளுக குமுளியத் தாண்டிப் போனதே இல்ல, இதுல மலேசியாவுக்கு எங்குட்டுப் போறதுன்னேன்."

மதினி என்னைப் பார்த்தாள். நான் அவள் மார்போடு அணைத்திருந்த பையைப் பார்த்தேன். அத்தை நிறுத்துவதாக இல்லை.

"அவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. நேரா சுருளியாண்டி கடைக்குப் போயி விசாரிச்சான். சுருளியாண்டி எனக்கு மேல. அந்த வீட்டு ஆளுக திருப்பூருக்குப் போயிட்டாக, வீடு பூட்டிக் கெடக்குன்னு அடிச்சுவிட்டான். திரும்பி வந்து பாத்தா, வீடு பூட்டித்தான் கெடக்கு!"

"பூட்டியா? அம்மா எங்க?" என்றேன்.

"உள்ளதான். ஒங்கம்மாவ உள்ள வச்சு நாந்தான் எங்க வீட்டுப் பூட்டப் போட்டுப் பூட்டுனேன். அவளும் சரின்னா. பாவம், இருமல் வந்ததக் கூட அடக்கிக்கிட்டு இருந்திருக்கா."

மதினிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அப்படியே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு பேங்க்ல இருந்து வந்தவருலா அத்தை," என்றாள், மலேசியப் பேச்சின் 'லா' இன்னும் போகாமல். "நான் இங்க இருக்கேனான்னு பாத்துட்டுப் போக வந்தவரு."

அக்கம்மாள் அத்தை தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "பேங்க்காரன்னா பேங்க்காரன்னு மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டாமா? நான் போலீசுன்னுல்ல நெனச்சேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. போன ஆடியில் நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் வந்தார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தேனியில் போய்ப் பதிய வேண்டும், மதினி பதிந்திருந்தாள், ஏதோ ஒரு தாள் மட்டும் குறைந்தது. அதைச் சொல்லத்தான் வந்தார். ஆனால் நடுத்தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டு, "ஒழுங்காக் குடுக்கலைன்னா பிளேன் ஏத்தி விட்ருவாக" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. அந்த ஒரு பேச்சு தெருவில் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தெரியாத ஆள் யார் பைக்கில் வந்தாலும், ஆர்.ஓ. தண்ணீர் மிஷின் விற்க வந்தவனாக இருந்தாலும், கதவுகள் ஒருமாதிரி சாத்திக்கொள்ளும்.

அண்ணன் விஜய்பாண்டி மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். மதினி பக்கத்தில் கையுறை செய்கிற ஃபேக்டரியில் இருந்தாள். அவள் பெயர் கோகிலவாணி. கல்யாணம் முடித்து இங்கே கூட்டிவந்தான். இப்போது அண்ணன் லோடு ஆட்டோவில் திராட்சை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வருகிறான். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் ஆத்தா, தாயி. முதுகுக்குப் பின்னால் மலேசியாக்காரி. பெயர் தெரியாமல்கூட இருக்கலாம்.

அவளுடைய அம்மா ஈப்போவில் இருக்கிறார்கள், கண் பார்வை சரியில்லை. இந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஜொகூரில் இருக்கும் மகனிடம் போகப் போகிறார்கள். போவதற்கு முன் மகளுக்கு உண்டான பணத்தை மகள் பெயருக்கே அனுப்பிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். "அவன் வீட்டுக்குப் போயிட்டா பெறகு அவன் பேச்சுதான். நான் வாயத் தொறக்க முடியாதுலா" என்று போனில் சொன்னது எனக்கும் கேட்டது. மருமகன் கணக்குக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னார்கள். அண்ணனுக்கு அது சுருக்கென்றிருந்தது. "எம் பேருல போட்டா நான் தின்னுருவேனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனான். ஆனால் மறுநாள் அவனே ஆதார் அட்டையையும் வீட்டு ரசீதையும் எடுத்து மதினியின் பைக்கு மேலே வைத்திருந்தான்.

அவன் லோடுக்குப் போய்விடுவதால் மதினி பெயரில் கணக்கு ஆரம்பிக்கக் கம்பத்துப் பேங்க்குக்குத் துணைக்கு நான்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கம்பத்துக்குத் தனியாகப் போனதே இல்லை. மதினியோடு போவது தனியாகப் போவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேனேஜர் ஒடிசாக்காரர், சின்ன வயசு. இந்தக் கிளையில் வெளிநாட்டுக்காரர் யாரும் இதுவரை கணக்கு ஆரம்பித்ததில்லை என்று பயமும் சந்தோஷமுமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவை போகும்போதும் இன்னொரு தாள் வேண்டியிருந்தது. விசா, கல்யாணச் சான்று, மலேசிய வரி நம்பர். வீட்டு ரசீது செத்துப்போன எங்கள் அப்பா பெயரில் இருந்ததால் அதற்கு ஒன்று. கடைசித் தாளுக்கு முத்திரை வாங்கத்தான் அன்றைக்குத் தேனிக்குப் போயிருந்தோம். அது பையில் இருந்தது. அந்த நேரத்தில்தான் இங்கே நாங்கள் இல்லையென்று ஆகியிருந்தது.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அக்கம்மாள் அத்தை கொசுவம் வைத்துக் கட்டிய பட்டுச்சேலையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். "நான் சொன்னத நானே போயி மாத்திச் சொல்றேன்" என்றாள். மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம்.

மேனேஜர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ரிப்போர்ட் சரியில்ல மேடம். அட்ரஸ்ல ஆள் இல்ல, போட்டிருக்கு."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன் சார்?"

"இங்க இருக்கீங்க. அட்ரஸ்ல இல்ல."

அக்கம்மாள் அத்தை மேசைமேல் கையை ஊன்றினாள். "தம்பி, இல்லன்னு சொன்னது நாந்தான். அது பொய்யி. இருக்கா. போதுமா? அழிச்சிருங்க."

"அழிக்க முடியாதும்மா."

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

அவர் ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். "சரி. அங்கன ஒங்க தெருவுல அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து, ஒங்க வீட்டுக்கு வாழ வந்த பிள்ளைய எங்கன்னு கேட்டா, ஒங்க எதுத்த வீட்டுக்காரி கையைக் காட்டிருவாளா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "காட்ட மாட்டாங்க" என்றார். அதற்காக அழிக்கவில்லை. உள்ளே ஒரு ஆளைக் கூப்பிட்டார். முந்தின நாள் வந்தவர்தான், ஸ்டான்லி என்று அட்டையில் இருந்தது. அவருக்கு எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே முகம் மாறியது.

"சார், என்னையத் திருடனப் பாக்குற மாதிரி பாத்தாங்க சார். நாய வேற அவுத்து விட்டாங்க."

"நாயி தானா அவுந்துருச்சு" என்றாள் அத்தை.

இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம், ஆனால் இந்தத் தடவையும் சரியாக வரவில்லையென்றால் மதுரை ஆபீஸிலேயே விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மேனேஜர் சொன்னார். திரும்பி வரும்போது மதினி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். மலை வழியெல்லாம் கூடவே வந்தது. "நான் இங்க இருக்கேன்னு இன்னும் எத்தனை பேருகிட்ட சொல்லணும் பாப்பா?" என்று கேட்டாள். பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஸ்டான்லி வந்தபோது தெருவே வாசலில் இருந்தது. நாயைக் கட்டியிருந்தார்கள். சுருளியாண்டி மாமா கலர் சோடா பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, தான் பூட்டப்படவில்லை என்று காட்டுவதுபோல் வாசற்படியின் நடுவில் நின்றாள்.

"எவ்வளவு நாளா இவங்களத் தெரியும்?" என்று ஸ்டான்லி கேட்டார்.

"பொறந்ததுல இருந்து" என்றாள் அக்கம்மாள் அத்தை.

"அவங்க பொறந்தது மலேசியாம்மா."

"அவ புருசன் பொறந்ததுல இருந்து. அதுவும் இதுவும் ஒண்ணுதான், எழுதுங்க."

"சார், நல்ல குடும்பம் சார்," என்றார் சுருளியாண்டி மாமா. "அன்னைக்கு நான் திருப்பூர்னு சொன்னது வேற வீட்ட."

"எந்த வீட்ட?"

மாமா தெருவை மேலும் கீழும் பார்த்தார். பொருத்தமாக எந்த வீடும் கிடைக்கவில்லை.

ஸ்டான்லி பேனாவை மூடினார். "அன்னைக்கும் இதே ஆளுங்கதான் இதே மாதிரி சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்க. இன்னைக்கு நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது? இந்தத் தெருவுல நான் ஒருத்தரையும் நம்ப மாட்டேன்." மதினி பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துதான் நின்றிருந்தேன். "அன்னைக்கு இந்தப் பொண்ணு மட்டும் இல்ல. நீ சொல்லும்மா. இவங்க இங்க நிரந்தரமா இருக்காங்களா, சும்மா வந்து போறவங்களா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னதுபோல் இருந்தது. ஆமா என்று சொன்னால் போதும். ஆனால் தெரு முழுக்க ஆமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, அதை அவர் நம்பவில்லை.

"காலையில எங்க வீட்டுல மொதல்ல எந்திரிக்கிறது அவுகதான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கோலம் போடத் தெரியாது. ஒரு மீன் மட்டும் போடுவாக. தெனமும் அதே மீனுதான். அந்த எண்ணெய் டின்னுல இருக்கிறது பண்டான் செடி. சோத்துல வாசத்துக்குப் போடுறதுக்குக் குமுளிக்குப் போயித் தேடி வாங்கி வந்து வச்சாக. மூணு தடவ பட்டுப்போச்சு, இப்பதான் பிடிச்சிருக்கு. எங்கம்மாவுக்கு அந்த வாசமே ஆகாது. இப்ப அது இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது. அவுக அம்மாகூட மாடிப்படியில உக்காந்துதான் பேசுவாக, அங்கனதான் சிக்னல் கெடைக்கும். வந்த புதுசுல அவுக அம்மாகிட்ட, 'இவங்க வீட்ல மழை பெய்யுது, இவங்க வீட்ல கரண்ட் இல்ல'ன்னு சொல்லுவாக. பொங்கலுக்குப் பெறகு 'நம்ம வீட்ல'ன்னு சொல்றாக. அவுகளுக்கே அது தெரியாது."

சொல்லி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டான்லி குனிந்து வாசலைப் பார்த்தார். காலையில் போட்ட மீன் பாதி மிதிபட்டு, வால் மட்டும் முழுசாக இருந்தது. பிறகு எண்ணெய் டின்னைப் பார்த்தார்.

"இதையெல்லாம் எழுத இதுல இடம் இல்லம்மா," என்றார். "ஆமான்னு போட்டுக்கிறேன்."

பேனாவைத் திறந்தார். சுருளியாண்டி மாமா அப்போதுதான் கலர் பாட்டிலை நீட்டினார். ஸ்டான்லி மதினியை வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். எடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் ஓரத்தில் வந்து நின்றுகொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மதினி எதையும் கவனிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் லோடு இறக்கிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மதினியின் போனில் கணக்கு நம்பரோடு பேங்க் மெசேஜ் வந்தது. அவள் அதைப் படித்தாள், அண்ணனிடம் காட்டினாள், அவன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தான். "உம் பேருதான் போட்டிருக்கு," என்றான், வேறு யார் பெயரையோ போட்டுவிடுவார்கள் என்று இருந்தவனைப்போல. அம்மா அடுப்படியிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு காற்றை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று தோன்றியது.

பிறகு மாடிப்படிக்குப் போய் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். எழுதி அனுப்பினால் போனில் வரும் சின்ன எழுத்தை அவர்களால் படிக்க முடியாது. அதனால் கணக்கு நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பெரிதாக எழுதியதைத் திருப்பிச் சொல்லும்போது நடுவில் ஒன்று விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து. மதினி குரலை உயர்த்தினாள். எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கம்மாள் அத்தை சுளகை நிறுத்திவிட்டு, தப்பாகச் சொன்ன இடத்தில், "ஏழுக்குப் பெறகு சைபர்னு சொல்லு ஆத்தா, கோகிலா!" என்று கத்தினாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தையின் பூட்டு இன்னும் எங்கள் நாதாங்கியிலேயே தொங்கியது. அவளும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. வாய் திறந்து, சாவியோடு, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே மதினி மூன்றாவது தடவையாக முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.