மேற்குப் பக்கத்து ஜன்னல்

1

இந்தக் கதைக்கு மூலம் ஓர் இணையக் கட்டுரை. அதை எழுதியதும் நான்தான். ஓய்வு பெற்றபின் வேறு ஊரில் குடியேற நினைக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, மிதமான கடலோர ஊர் நல்லதா, நான்கு பருவமும் தனித்தனியாக வந்துபோகும் ஊர் நல்லதா என்று ஆயிரம் சொற்களில் எழுதச் சொன்னார்கள். அலுவலகம் கிண்டியில். நான் எழுதியது திருவொற்றியூரில், மூன்றாவது மாடியில், ஓர் அறை வீட்டில். 'கடலோரத்தில் ஆண்டு முழுவதும் ஜன்னலைத் திறந்துவைத்தே வாழலாம்' என்று ஒரு வரி எழுதினேன். யாரும் அதைத் திருத்தவில்லை. அந்த வரியால்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: கடற்காற்று இதமாக வீசிய ஒரு மாலையில் ஜானட் தன் அம்மாவுடன்—

(அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி அப்படி எழுத, மெட்ரோ முடியும் விம்கோ நகர் தாண்டி வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: ஃப்ளோரன்ஸுக்கு மூச்சு வாங்கியது.

இது இருக்கட்டும்.

ஃப்ளோரன்ஸ், ஜானட்டின் அம்மா. ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடம் கருவாடு உலர்த்தி விற்றவள். மகன் பென்னி கனடாவில், வின்னிபெக்கில் லாரி ஓட்டுகிறான். மகள் ஜானட் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. போன டிசம்பரிலிருந்து ஃப்ளோரன்ஸின் நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. பென்னி அவளுக்கு விசா வாங்கிவிட்டான். போவதா இருப்பதா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். டாக்டரைக் கேட்டதற்கு, "இந்தக் காத்தும் ஆகாது, அந்தக் குளிரும் ஆகாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றுவிட்டார்.

பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. செல்போன் திரையில் பென்னி. அவனுக்குப் பின்னால், தெருவிளக்கின் வெளிச்சத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க நாலு சீசன்மா. ஒரு சீசன்ல கார் கதவே தொறக்காது. ஆனா காத்து சுத்தம்."

"எங்களுக்கும் நாலு கீதுடா. வெயிலு, மழ, பொக, கேஸு."

"வெளாடாதமா. மைனஸ் முப்பதுன்னா வூட்டுக்குள்ளயே இருந்துக்கலாம். ஹீட்டரு கீது."

"அஞ்சு மாசம் வூட்டுக்குள்ளயா? அதுக்கு ஆஸ்பத்திரிலயே இருந்துருப்பேனே நைனா. பக்கத்து பெட்டுல பேசவாச்சும் ஆள் இருந்துச்சி."

பென்னி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஜானட்டு, நீயாவது சொல்லேன்."

ஃப்ளோரன்ஸ் மகளைப் பார்த்தாள். "ஆமாண்டி. நீ படிச்சவ. நீ சொல்றத செய்றேன்."

கதை இங்கேதான் நின்றுபோயிற்று. நான்கு நாட்களாக.*

* எங்கள் தெருவில் ஒருத்தி பட்டம் வாங்கினால் அவளிடம் மாத்திரைச் சீட்டு வரும், பட்டா வரும், அடுத்த வீட்டுக்காரரின் கோர்ட் நோட்டீஸும் வரும். தெரியாது என்றால் திமிர் என்பார்கள். அதனால் எல்லாம் தெரியும் என்று சொல்லப் பழகிவிடுவாள்.

3

அந்த வீட்டில் இரண்டு ஜன்னல்கள். கிழக்கு ஜன்னல் கடலைப் பார்க்கும், மேற்கு ஜன்னல் ஆலைகளை.

கருவாடு போடும் பெண்கள் மீனைப் பரப்பும் முன் கையை நீட்டிக் காற்றைப் பார்ப்பார்கள். மேற்கிலிருந்து வந்தால் பரப்பமாட்டார்கள். சாம்பல் படியும், நெடி ஏறும். கடல் காற்று வரும்வரை கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஃப்ளோரன்ஸ் வீட்டிலும் அதே வழக்கம்தான். காலையில் மேற்கு ஜன்னல் திறந்ததே இல்லை.

டிசம்பரில் அவளுக்கு லேசான இளைப்பு வந்தது. கிழக்கு ஜன்னலைப் பாலிதீன் வைத்து, டேப் ஒட்டி அடைத்தார்கள். கட்டிலை மேற்கு ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதைத் திறந்துவைத்தார்கள்.

யார்?

முதல் வரைவில் பென்னி என்று எழுதினேன். அவன் அப்போது நாட்டிலேயே இல்லை. இரண்டாவது வரைவில் ஃப்ளோரன்ஸே செய்தாள். இருபத்தாறு வருடம் காற்றைப் பார்த்த கை அதைச் செய்யாது. செய்தது ஜானட். ஈரக் காற்றைப் பற்றி நான்கு வலைப்பக்கங்கள் படித்திருந்தாள்.

"மேக்கால சன்னல காலைல தொறக்காதடி."

"கடக்காத்து ஈரம்மா, உனக்கு ஆகாது. ட்ரை ஏர்தான் நல்லது."

"அப்டியா? சரி. படிச்சவ சொல்ற."

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு, மேற்கே ஏதோ ஓர் ஆலையில் வாயு கசிந்தது. எங்களுடையதுதான் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஃப்ளோரன்ஸ் ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

[இங்கே ஆலைகளைப் பற்றி ஒரு பக்கம் திட்டி எழுதியிருந்தேன். ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனாலும் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஜானட் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள்.]

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பார்க்க வந்தவர்களிடம் ஃப்ளோரன்ஸ் "கேஸு வந்துச்சி" என்றாள், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலைப் பற்றி மகளிடம் இன்றுவரை பேசியதில்லை. டேப்பை உரித்தபோது பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தத் தடம் இன்னும் ஜன்னல் சட்டத்தில் இருக்கிறது, இதை எழுதும்போது என் முழங்கைக்குப் பக்கத்தில்—

4

முடிவு, ஒன்று: ஃப்ளோரன்ஸ் வின்னிபெக் போகிறாள். ஏப்ரலில் பனி உருகுகிறது. இருமல் குறைகிறது. ஒருநாள் போனில், "இங்க காத்துல ஒரு வாசனயும் இல்லடி" என்கிறாள். சந்தோஷமாகச் சொன்னாளா என்று

முடிவு, இரண்டு: ஃப்ளோரன்ஸ் இங்கேயே இருக்கிறாள். கிழக்கு ஜன்னல் திறந்தே இருக்கிறது. அடுத்த டிசம்பர் வருகிறது. அன்று காலை காற்று எந்தப் பக்கம்

இரண்டையும் முடிக்க முடியவில்லை. கட்டுரையில் இரண்டு பத்தி ஒப்பீடு, கீழே ஒரு பரிந்துரை என்று அரை மணியில் முடித்துக் கொடுத்தவள்தான் நான்.

5

போனுக்குத் திரும்புகிறேன். பென்னி காத்திருக்கிறான். ஃப்ளோரன்ஸ் மகளைப் பார்த்தபடியே இருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் ஜானட். "அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ட்டேன்."

ஃப்ளோரன்ஸ் இரண்டு மூச்சு இழுத்து விட்டாள்.

"இத்த சொல்றதுக்கா ரெண்டு மாசம் மூஞ்ச தூக்கி வெச்சினு இருந்த?"

"நீ இன்னா நெனைக்கிற? போணுமா, இருக்கணுமா?"

அதை அவளிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஃப்ளோரன்ஸ் சுவரைப் பிடித்து எழுந்தாள். கிழக்கு ஜன்னலுக்குப் போய்க் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

"கடக்காத்து இன்னும் வரல. வரட்டும், சொல்றேன்."

"எப்பமா வரும்?" என்றான் பென்னி, போனுக்குள்ளிருந்து.

"உங்க ஊர்ல கேலண்டரு பாத்து வரும். இங்க கைய நீட்டினு நிக்கணும். சும்மா கெட."

மணி பதினொன்று இருபது. இந்த மாதத்தில் கடல் காற்று பன்னிரண்டுக்கு முன்னால் வராது. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரு பதில் தோன்றியிருக்கலாம், அது சரியாகவும் இருக்கலாம். அவள் கை இன்னும் வெளியேதான் இருக்கிறது. அவளுக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.