உம்மாவுக்கும் மருமகனுக்கும் நடுவில்

பேராதனையில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது கிண்ணியாவில் யாரும் தடுக்கவில்லை. என் கணவர் ஸெய்னுதீன், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை, என்னைவிட அதிகமாகத் துள்ளினார். "எம்.ஏ.ட புருஷன் எண்டா எனக்கும் மரியாதைதானே ஸாலிஹா!"

சிக்கல் வேறு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படி வந்தவரோடு மாமியார் நேரே கதைப்பது மரியாதையில்லை. வாப்பா மவுத்தானபிறகு அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் தபால்காரி நான்.

"மகள், இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா எண்டு கேளு" என்பார் உம்மா, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று. இவர் தட்டை நீட்டிக்கொண்டே, "போதும் எண்டு சொல்லு" என்பார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் வாய் திறந்தால்தான் சட்டி நகரும்.

நான் இரண்டு வருஷம் போய்விட்டால் இந்த மனிதர் மரியாதையோடு பட்டினி கிடப்பார். சிரித்துக்கொண்டுதான் அப்படி நினைத்தேன். பிறகு, உம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வார் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. எனக்கோ அந்தப் படிப்பின்மேல் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பித்து நானே மழுங்கிப்போயிருந்தேன்.

பதில் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்திய பின்னேரம். இவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போகல்ல" என்றேன்.

"ஏன்?"

"ஊமையள் ரெண்டு பேரை விட்டுட்டு எப்பிடிப் போறது?"

"நான் கடையில சாப்பிடுவன்."

"அப்ப உம்மா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குசினிக் கதவு திறந்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மருமகன், அவளப் போகச் சொல்லுங்க. எனக்கு ஏலாட்டி நானே உங்களக் கூப்பிடுறன். பசிச்சா நீங்களும் வாயத் துறந்து கேளுங்க."

இவர் எழும்பிய வேகத்தில் தேத்தண்ணி இடுப்புச் சாரத்தில் கொட்டியது. "ஓம் மாமி" என்றார்.

பழக்கதோஷம். நான் உம்மா பக்கம் திரும்பி, "ஓமாம் உம்மா" என்றேன்.

"எனக்குக் கேட்டது. நீ போய்ப் பெட்டிய அடுக்கு."