கொக்கி வளைந்த பக்கம்

மாட்டுக்குக் குறி சுடும் சூட்டுக்கோலின் முகம் இன்னும் சிவக்கவில்லை. டெல்ஃபினின் தம்பி வெண்டல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சா டெல்ஃபி?"

"வரல."

"இப்ப?"

"இது இரும்புடா, டோஸ்டு இல்ல. தள்ளி நில்லு."

டிரக்கின் பின்பலகையில் கேஸ் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. மடி ஃபோர்க் ஊரின் காற்றுக்குச் சாவு வீடு, கல்யாண வீடு என்ற பேதம் கிடையாது. எல்லோருடைய தொப்பியையும் சமமாகப் பறிக்கும். ஆண்கள் ஒரு கையால் தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டும், மறுகையால் கோட்டைப் பிடித்துக்கொண்டும், ஏதோ உறுதிமொழி எடுப்பவர்களைப் போல் நின்றார்கள். நடுவில் இரண்டு மரத்தாங்கிகளின் மேல் பைன் மரச் சவப்பெட்டி. பெட்டிக்குள் முடிதிருத்துநர் எல்வுட் ஸ்ப்ரேக், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் படுத்திருந்தார்.

அந்தப் பக்கத்து மாட்டுப் பண்ணைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணுக்குள் இறக்கும் முன், பெட்டியின் மூடியில் குடும்பத்துச் சூட்டுக்குறியை ஒரு தடவை சுடுவார்கள். மேலே போன பிறகு மந்தை கலந்துவிட்டால் யாருடையது எது என்று பிரிக்க வேண்டுமே, அதற்காக என்று சொல்வார்கள். எல்வுட்டுக்கு மாடு கிடையாது. கத்தரிக்கோல் இருந்தது, சீப்பு இருந்தது, தலையின் இரு புறமும் கதவு திறந்த கார் போல விரிந்த காதுகள் இருந்தன. ஊரில் எத்தனையோ காதுகளை முடியால் மறைத்துக் கொடுத்தவரால் தன் காதுகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவரிடம் ஒரு சூட்டுக்கோல் இருந்தது. அது கொக்கி ரோவினாவுடையது.

கொக்கி ரோவினா குதிரைத் திருடி. மூன்று மாவட்டங்களின் ஷெரிப்புகள் அவளைத் தேடினார்கள்; ஒருவர் கண்டுபிடித்துக் கல்யாணம் பேசினார் என்றும் சொல்வார்கள். தூக்குக் கயிற்றுக்கும் துப்பாக்கிக்கும் தப்பியவள், டப்பாவில் அடைத்த கெட்டுப்போன சிப்பியைத் தின்று செத்தாள். எல்வுட் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சொல்ல மாட்டார். தன் கொள்ளுப்பாட்டியின் மற்றக் கதை முழுவதையும் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் சொல்வார். முன்முடி வெட்டும்போது திருட்டு, பக்கவாட்டில் துரத்தல், பின்கழுத்தை மழிக்கும்போது துப்பாக்கிச் சண்டை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

ஆதாரம் சுவரிலேயே இருந்தது. கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் ஓட்டை போட்டு, சூட்டுக்கோலின் கம்பியை உள்ளே சொருகி, முகம் மட்டும் கடைக்குள் தெரியும்படி வைத்திருந்தார். கம்பியின் மிச்சம் பின்னறையில் நீட்டிக்கொண்டிருக்கும். குடும்பத்தார் அதில் துண்டு உலர்த்துவார்கள். முகத்தில் ஒரு கொக்கி, இடப்பக்கம் வளைந்தது. ரோவினாவின் கல்லறைக் கல்லில் செதுக்கியிருப்பதும் இடப்பக்கம் வளைந்த கொக்கிதான்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அதை முதலில் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். எல்வுட் உடனே திருத்துவார்: "கண்ணாடிய நம்பாதப்பா. அது எல்லாத்தையும் திருப்பிக் காட்டும். கழுத்தத் திருப்பி நேராப் பாரு." அவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "ஆமா எல்வுட், இடப்பக்கந்தான்" என்பார்கள்.

எல்வுட்டின் மகள் டெல்ஃபின் பக்கத்து ஊரில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவள். பிறரை வாய் திறக்க வைத்தே பழகியவள். பல கோடை விடுமுறைகளை மாவட்ட ஆவணக் கிடங்குகளில் செலவழித்து, அப்பாவின் கதையை வேர்வரைக்கும் தோண்டிப் பார்த்திருந்தாள். ரோவினா நிஜம். குதிரைகள் நிஜம். சிப்பி ரொம்பவே நிஜம். ஆனால் அவளுக்குக் குழந்தை இருந்ததற்கு ஒரு வரிகூட அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் குடும்பத்தில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உப்புக்கட்டி விற்பவனின் வண்டியில், கோணிக்குள் சுற்றிய ஓர் ஆண்குழந்தை, பக்கத்தில் இந்தச் சூட்டுக்கோல். விடுதியில் சமையல் செய்த ஸ்ப்ரேக் என்பவள் எடுத்து வளர்த்தாள். அந்தக் குழந்தை எல்வுட்டின் தாத்தா. ஆக, மொத்த வம்சமும் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு எல்வுட்டும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார். ரோவினாவை அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே புதைத்தார்கள். பிறகு அவள் கல்லறையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்ததும் வேலிக்கு வெளியே என்பது ஒரு மரியாதையாகிவிட்டது. மரியாதை வந்தால் விதியும் வருமே: அங்கே ரோவினாவின் ரத்தம் மட்டும்தான் படுக்கலாம் என்று கல்லறைக் குழு தீர்மானம் போட்டது. எல்வுட் கடைசி வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள போட்டுடாத டெல்ஃபி. அங்க எல்லாரும் நல்லவங்க. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காது."

"போட மாட்டேம்ப்பா."

"சத்தியமா?"

"வாயத் திறங்க, மாத்திரை."

குழுவின் தலைவி ஓப்பல் த்ரால், இப்போது குழிக்கு அந்தப் பக்கம் கைத்தடி இல்லாமல் நேராக நின்றார். கல்யாணம் செய்துகொள்ளாமல், எண்பதை நெருங்கியும் பண்ணையைத் தானே நடத்துபவர். ரோவினா திருடிய குதிரைகள் இவருடைய தாத்தா, சபை மூப்பர் ஏமஸ் த்ராலுடையவை. ஆண்கள் கடை என்பதால் எல்வுட்டின் வாசற்படியை ஓப்பல் மிதித்ததே இல்லை. கதை மட்டும் தேடிவந்து அவரைச் சேர்ந்துவிடும்.

இரும்பு சிவந்தது. டெல்ஃபின் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, சூட்டுக்கோலை எடுத்துப் பெட்டியருகே போய், ஊசி போடும் நர்ஸின் நிதானத்தோடு மூடியின் மேல் அழுத்தினாள். பிசின் பொரிந்து, புகை எழுந்து பாதிரியாரின் முகத்தில் போய் முட்டியது. பாதிரியார் ஆமென் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

டெல்ஃபின் கோலைத் தூக்கினாள்.

மூடியில் கருகிய கொக்கி வலப்பக்கம் வளைந்திருந்தது.

வெண்டல் குனிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான்.

"டெல்ஃபி, திரும்பி விழுந்துருச்சு."

"திரும்பில்லாம் விழல. இரும்பு இப்படித்தான் விழும்."

"அப்ப சுவத்துல இருந்தது?"

"அதுதாண்டா திரும்பினது. நாம முகத்தப் பாத்தோம். சுட்டுப் பாத்ததே இல்ல."

வெண்டல் நிமிர்ந்தான். அவனுக்கு நேர் எதிரே ஓப்பல் த்ராலின் டிரக் நின்றிருந்தது. அதன் கதவில், வெள்ளைப் பெயிண்டில், பெரிதாக ஒரு கொக்கி. வலப்பக்கம் வளைந்தது.

"இது அவங்களோட—"

"வாய மூடு."

டெல்ஃபின் சுற்றிலும் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். பல் பிடுங்கப்போகும் செய்தியைக் கேட்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவை அந்த முகங்கள் இல்லை. கிழவர் பர்ல் மெக்கிண்டி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்தவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரிடமும் அதிர்ச்சி இல்லை. ஏன் இருக்க வேண்டும்? பிறந்ததிலிருந்து கன்றுக்குட்டிக்குச் சூடு போட்டவர்கள். சூட்டுக்கோலின் முகத்தில் இருப்பது எப்போதும் திருப்பிப்போட்ட உருவம் என்று அங்கே பால்பல் விழாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். கண்ணாடியில் த்ரால் பண்ணையின் கொக்கியைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்வுட் சொன்னதும் கழுத்தைத் திருப்பியிருக்கிறார்கள். "ஆமா எல்வுட், இடப்பக்கந்தான்."

தெரியாதது ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான். மாடே வைத்திருக்காத வீட்டுக்கு.

ஓப்பல் த்ரால் குழியைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். அவர் வந்து சேரும்வரை காத்திருப்பது டெல்ஃபினின் இயல்பு இல்லை. இரண்டடி முன்னால் போய் வழியை மறித்தாள்.

"மிஸ் த்ரால், கண்ணு இருக்கிற எல்லாரும் பாத்தாச்சு. இது உங்க குறி. குழுத் தலைவியா நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க. ஆனா எங்கப்பாவை நான் திருப்பித் தூக்கிட்டுப் போறதா இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"தள்ளு பொண்ணே. புகை கண்ணுல படுது."

ஓப்பல் குனிந்து, கருகிய கொக்கியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"ஆழமா வச்சுட்ட. கன்னுக்குட்டியா இருந்தா உன்ன உதைச்சிருக்கும்."

"முதல் தடவை."

"தெரியுது." அவர் நிமிர்ந்து, மந்தையைத் திருப்பும் குரலில் பேசினார். அவரிடம் வேறு குரல் கிடையாது. "குதிரைங்க திருட்டுப் போன அன்னிக்கு எங்க கொட்டகையிலேர்ந்து ஒரு சூட்டுக்கோலும் காணாமப் போச்சு. எங்க தாத்தா சாகற வரைக்கும் குதிரைய விட்டுட்டு அந்த இரும்பச் சொல்லித்தான் புலம்பினார். இப்ப கிடைச்சிருக்கு."

பர்ல் மேகத்திலிருந்து இறங்கி வந்தார். "சூட்டுக்கோல் காணாமப் போச்சா? உங்க வீட்ல நாலு வருஷம் வேல பாத்திருக்கேன், நான் கேள்விப்பட்டதே—"

"பர்ல், உனக்குக் காது மந்தம்னு ஊருக்கே தெரியும்."

பர்ல் கொஞ்சம் யோசித்தார். "ஆமா," என்றார். "மந்தந்தான்."

"திருட்டுப் பொருள் யார் வீட்ல இருக்கும்? திருடி வீட்ல இருக்கும். இதுக்கு மேல சாட்சி வேணுங்கிறவங்க கையத் தூக்குங்க."

தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் எதுவும் அசையவில்லை. பாதிரியார் மூக்கைச் சொறிய ஆரம்பித்தவர், அது தூக்கின கையாகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இறக்குங்க. காத்து ஏறுது."

கயிறுகளைப் பிடிக்க ஆட்கள் நகர்ந்தார்கள். வெண்டல் அக்காவின் காதோரம் வந்தான்.

"அப்ப நாம யாரு டெல்ஃபி?"

"முதல்ல கயித்தப் பிடி."

அவன் போனதும் டெல்ஃபின் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் த்ரால். ஒரு இரும்பு ஒரு வீட்ட விட்டு வெளிய போறதுக்குத் திருட்டு மட்டுந்தான் காரணமா இருக்கணும்னு இல்லையே. பக்கத்துல ஒரு குழந்தையும் இருந்துச்சு."

ஓப்பல் வேலிக்கு உள்ளே பார்த்தார். அங்கே த்ரால் குடும்பத்தின் கற்கள் ஒரே உயரத்தில், ஒரே சாம்பல் நிறத்தில், சபையில் உட்கார்ந்திருப்பதுபோல் வரிசையாக இருந்தன. மூப்பர் ஏமஸின் கல்லில் ஒரு திறந்த வேதாகமம் செதுக்கியிருந்தது.

"உள்ள எங்க வரிசையில காலியா இருக்கிற இடம் எது தெரியுமா?"

"தெரியாது."

"என் இடத்துக்குப் பக்கத்து இடம். உங்கப்பன் கதைய உயிரோட இருக்கும்போதே நேர்ல கேக்காமத் தப்பிச்சவ நான். செத்தப்புறம் கடைசி நாள் வரைக்கும் கேக்கச் சொல்றியா?"

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்தது. சாவில் சிரிக்கக் கூடாது என்று இருமினாள். பெட்டி வேலிக்கு வெளியே, ரோவினாவின் கல்லுக்குப் பக்கத்தில், கொக்கியோடு மண்ணுக்குள் இறங்கியது. ஒரு கொக்கி இடப்பக்கமும் ஒரு கொக்கி வலப்பக்கமும் வளைந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

எல்லாம் முடிந்ததும் டெல்ஃபின் ஆறிப்போன சூட்டுக்கோலை நீட்டினாள். "உங்க பொருள். எடுத்துக்கங்க."

"எதுக்கு? அதத் திருப்பி வாங்கிட்டா எங்க வீட்ல குறை சொல்ல அப்புறம் என்ன இருக்கு?"

சாப்பாடு எல்வுட்டின் கடையிலேயே ஏற்பாடாகியிருந்தது. முடி பெருக்கிய தரையில் மடக்கு மேசைகள். ஹாம் சாண்ட்விச், மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு, யார் கொண்டுவந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத பச்சை ஜெல்லி. வெண்டல் சூட்டுக்கோலை மறுபடி ஓட்டைக்குள் சொருகினான். பின்னறையில் யாரோ பழக்கத்தில் அதன் மேல் ஈரத்துண்டைப் போட்டார்கள்.

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் பர்ல் வாயிலிருந்த சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தினார்.

ஓப்பல் த்ரால் வாசலில் நின்று உட்கார இடம் தேடினார். பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. யாரும் உட்காரத் துணியாத ஒரு நாற்காலிதான் காலி. அவர் நேராகப் போய் எல்வுட்டின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காற்றும் தொப்பியும் சேர்ந்து அழுத்திவைத்திருந்த நரைமுடி மெல்ல விலகியது. கண்ணாடியில் இரண்டு காதுகள் தெரிந்தன, கதவு திறந்த கார் போல.

டெல்ஃபின் காப்பிக் கோப்பையோடு அவர் பின்னால் வந்து நின்றவள், அப்படியே நின்றாள்.

ஓப்பல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே, எதிர்ச்சுவரில், கொக்கி வலப்பக்கம் வளைந்திருந்தது.

அவர் கழுத்தை மெதுவாகத் திருப்பி, அதை நேராகப் பார்த்தார்.