எதுக்குப்பா எடுத்த?

பேங்கில் எனக்குக் கணக்குத் தொடங்கியபோது எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பணம் எடுத்தால் வருகிற மெசேஜ் என் மகள் செந்தமிழின் போனுக்குப் போகும்படி அவள் நம்பரைக் கொடுத்தோம். அப்போது அவள் அம்மா இருந்தாள். இப்போது மரக்காணத்தில் நான் மட்டும்தான். மகள் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நான் உப்பளத்தில் உப்பு வாருகிறேன்.

போன வருஷத்திலிருந்து கூலி கணக்கில்தான் ஏறுகிறது. எடுப்பதற்கு முஜீப் ரஹ்மான் பாயின் செல்போன் கடைக்குப் போக வேண்டும். சின்ன மெஷினில் விரலை வைத்தால் பாய் பணத்தை எண்ணிக் கொடுப்பார். உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. பெருவிரலை மெஷின் ஏற்காது. ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரலுக்குத்தான் மனமிரங்கும்.

பணத்தை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் போன் அடிக்கும்.

“எதுக்குப்பா எடுத்த?”

“அரிசி வாங்கணும்.”

“அரிசிக்கு ஐந்நூறா?”

“செருப்பும் அறுந்துடுச்சு.”

“ரெண்டு மாசம் முன்னாடிதான வாங்கின?”

“உப்பு தின்னுடுச்சும்மா.”

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெயிலில் நின்று சம்பாதித்த காசுக்கு ஸ்டேஷனில் பதில் சொல்வது போல் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. ஒரு நாள் இருநூறு எடுத்துக் குடித்துவிட்டு, மருந்துக்கு என்று சொன்னேன்.

“என்னா மருந்து? அட்டையில பேர் இருக்கும், படி.”

“எனக்கெங்கம்மா படிக்கத் தெரியும்?”

“படிக்கத் தெரியாம எதையாவது வாங்கி முழுங்குவியா? அங்க ஸ்கூல்ல பெரியவங்களுக்கு வகுப்பு நடக்குதாம். நாளைலேர்ந்து போற.”

பொய் சொன்னதற்குத் தண்டனை போலத்தான் போய் உட்கார்ந்தேன். அப்போது ஐம்பத்தேழு வயது. சொல்லிக்கொடுத்த கீதாஞ்சலிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வெடித்த விரலில் பென்சில் நிற்கவில்லை. பென்சிலில் துணி சுற்றிக் கொடுத்தாள். ஐந்தாறு மாதத்தில் பஸ்ஸின் முன்னால் போட்டிருக்கும் ஊர்ப் பேரைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழையில் பாத்திகள் முழுகின. வேலை நின்றது. வீட்டில் ஒருவனாக உட்கார்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள்கூட யாரோடும் ஒரு பேச்சு இல்லாமல் போய்விடும். அந்த மழையில்தான் ஒன்று தெரிந்தது. நான் பணம் எடுக்கிற நாளில் மட்டும்தான் செந்தமிழ் பேசுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பத்து மணி நேரம் நின்ற காலோடு ஹாஸ்டலுக்குப் போனால் சோறே இறங்காது என்பாள்.

அதிலிருந்து நூறு நூறாக எடுத்தேன்.

“அரசப்பண்ணே, மொத்தமா ஆயிரம் எடுத்துட்டுப் போயேன். உன் விரலத் தொடச்சே என் கர்ச்சீப் கிழிஞ்சிடுச்சு” என்றார் பாய்.

“கையில மொத்தமா இருந்தா செலவாயிடும் பாய்.”

அதுவும் பொய்யில்லை. எதற்கு என்று கேட்பாளே என்று கடைக்குப் போகும் வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். சொல்ல வாய் கூசுகிற செலவு தானாக நின்றுபோனது. பிராந்திக் கடைப் பக்கம் போய் நாளாகிறது.

தை மாதத்தில் ஒரு நாள் போன் தாமதமாக வந்தது. அவள் குரல் தணிந்திருந்தது.

“யப்பா, கடை மாடிப்படியில நின்னு உன்கிட்ட பேசினத சூப்பர்வைசர் பாத்துட்டான். அரை நாள் சம்பளம் புடிச்சிட்டாங்க.”

“மெசேஜ் வந்தா வரட்டும்மா. அப்புறமா பேசேன்.”

“மனசு கேக்கலப்பா. யாராவது உன்ன ஏமாத்தி எடுத்துட்டாங்களோன்னு திக்குனு இருக்குது. நீதான் இப்ப படிக்கிறியே, நம்பர உன் போனுக்கு மாத்திக்கோ. நானும் நொய்யி நொய்யின்னு கேள்வி கேக்க மாட்டேன். நீயும் நிம்மதியா செலவு பண்ணலாம்.”

நீ கேள்வி கேட்டால்தான் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. “சரிம்மா” என்றேன்.

ஒரு வாரம் பாய் கடைப் பக்கமே போகவில்லை. பணம் எடுத்தால் அவள் பேசுவாள், அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். நம்பரை மாற்றினால் பிடிக்க மாட்டார்கள், அவளும் பேச மாட்டாள். இருந்த அரிசியையும் கருவாட்டையும் வைத்து ஓட்டினேன். எட்டாம் நாள் அரிசிப் பானை காலியானது. பேங்குக்குப் போனேன்.

பாரத்தை நானே நிரப்பினேன். பழைய நம்பர் என்ற இடத்தில் அவள் நம்பர். அது மனப்பாடம். புது நம்பருக்குத்தான் சீட்டைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது.

“கைநாட்டா?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

“இல்லைங்க, கையெழுத்து.” ஆறு எழுத்தையும் போட்டு முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பாய் கடையில் நூறு எடுத்தேன். என் சட்டைப் பையே அதிர்ந்தது. மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. தொகை மட்டும் புரிந்தது.

“இனிமே டென்ஷன் இல்லண்ணே. யாருக்கும் பதில் சொல்ல வேணாம்” என்றார் பாய்.

ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மீன் வாங்கப் போனேன்.

அன்று சாயங்காலம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்.

எதுக்குப்பா எடுத்த?
மீன் வாங்க.
என்னா மீன்?
மத்தி. கால் கிலோ.
மிச்சம்?
முப்பது இருக்குது. எண்ணெய் வாங்கணும்.

எழுதுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு பணம் எடுத்த நாளிலெல்லாம் எழுதினேன். கீதாஞ்சலி ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டு, “செலவு எழுதினா எடுத்த தொகைய போட வேணாமாண்ணே?” என்றாள்.

“அது போன்ல இருக்குதும்மா.”

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தமிழ் தானாகவே பேசினாள்.

“சாப்ட்டியாப்பா? செலவுக்கு இருக்குதா?”

“இருக்குது. எல்லாம் எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டா?” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

“அதெல்லாம் எனக்கு எதுக்குப்பா? உன் காசு, உன் இஷ்டம். டீ டைம் முடிஞ்சிடுச்சு, வச்சிடறேன்.”

நோட்டு மடியில் திறந்தபடியே இருந்தது. பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு எழுதினேன்.

ஞாயிறு. செந்தமிழ் பேசினாள். செலவு இல்லை.